ஆயிரம் பேர் வரும் கிளப் விருந்து: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளப்பில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அல்லது கமிட்டிக்கு முதல் முறையாகத் தேர்வாகியிருக்கிறீர்கள். டிசம்பர் 31 நெருங்குகிறது. புல்வெளியில் ஆயிரம் பேருக்கு விருந்து, பாட்டு, பார், நள்ளிரவு கேக். இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சென்னை கிளப் ஒன்றின் விருந்துப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்திருக்கிறேன். அதில் கற்றதை, வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

என் ஆரம்ப வருடங்களில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தாண்டு இரவு, பத்து மணி இருக்கும். பிரியாணி கவுண்டர் காலி. தட்டுடன் நூறு பேர் நிற்கிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், சமையலறையில் இரண்டு அண்டா பிரியாணி தம் உடைக்காமல் அப்படியே இருக்கிறது. "மாஸ்டர், ஏன் அனுப்பல?" என்றேன். "பேரர் பசங்க வந்து எடுப்பாங்கன்னு இருந்தேன் தம்பி" என்றார். பரிமாறும் ஊழியர்களான பேரர்களைக் கேட்டால், "கிச்சன்லேர்ந்து வரும்னு நின்னோம் அண்ணே" என்றார்கள். யாரும் சோம்பேறி இல்லை. சமையலும் நன்றாக இருந்தது, பரிமாறுபவர்களும் தயாராக இருந்தார்கள். நடுவில் இருந்த அறுபது மீட்டர் யாருடைய வேலை என்று எவருமே சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பெரிய விருந்து பெரும்பாலும் இப்படித்தான் கெடும். ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு வேலை கைமாறும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள், அவருடைய பெயரோடு இருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இதையே தேடப்போகிறோம்.

முதல் படி: யார் சொன்னால் யார் கேட்பது

ஹோட்டல் விருந்துக்கும் கிளப் விருந்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹோட்டலுக்கு வருபவர் வாடிக்கையாளர். கிளப்புக்கு வருகிற ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு வகையில் உரிமையாளர். மெட்ராஸில் இந்த வழக்கம் மிகப் பழையது. மெட்ராஸ் கிளப் 1832இல் தொடங்கியது, காஸ்மோபாலிட்டன் கிளப் 1873இல், ஜிம்கானா 1884இல். மூன்று தலைமுறையாக ஒரே கிளப்புக்கு வரும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இது வீட்டு விசேஷம். உரிமையோடுதான் கேட்பார்கள், உரிமையோடுதான் கோபிப்பார்கள்.

ஆகவே கட்டளை வரும் வழி ஒன்றாகவே இருக்க வேண்டும். தேர்தலில் வந்த கமிட்டியில் பொழுதுபோக்குக்கு ஒருவர், கேட்டரிங்குக்கு ஒருவர், பாருக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்குள் ஒருவரை விழாவின் தலைவராக முதலிலேயே அறிவித்துவிடுங்கள். அவர் செக்ரட்டரியிடம் சொல்வார், செக்ரட்டரி பேங்க்வெட் மேனேஜரிடம், மேனேஜர் பேரர்களை மேற்பார்க்கும் கேப்டன்களிடம், கேப்டன் பேரர்களிடம். கமிட்டி உறுப்பினர் நேரடியாகப் பேரரைக் கூப்பிட்டு, "அந்த டேபிளை இங்கே போடு" என்று சொல்லக் கூடாது. புதிதாகக் கமிட்டிக்கு வந்தவர்களிடம் நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான். நல்லெண்ணத்தில் சொல்லும் ஒரு சின்ன மாற்றம்கூட எங்கோ ஒரு வரிசையைக் குலைத்துவிடும்.

புதிதாகச் சேர்ந்த பேரர், ஸ்டூவர்டுகளுக்கு: யார் என்ன கேட்டாலும் முடியாது என்று சொல்லாதீர்கள், முடியும் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். "சரி சார், கேப்டன்கிட்ட சொல்லி உடனே பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கேப்டனிடம் போய்ச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: அனுமதிகள்

ஆறு வாரம் முன்பே இதைத் தொடங்கிவிட வேண்டும். எது எது யார் கையில் என்று ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

ஒலிபெருக்கி விஷயத்தில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தெளிவாக உள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விரும்பினால் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. பக்கத்துத் தெருவில் மருத்துவமனை இருந்தால் டிஜேயை மூடிய ஹாலுக்குள் கொண்டுபோவது பற்றி இப்போதே பேசிவிடுங்கள், டிசம்பர் 30 அன்று வேண்டாம்.

போலீஸுக்குத் தனி மனு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் கிளப், ஹோட்டல்களுக்கான கட்டுப்பாடுகளைக் காவல்துறை வெளியிடும். அந்த ஆண்டின் தாளைக் கையில் வாங்கிப் படியுங்கள், போன வருட நினைவில் வேலை செய்யாதீர்கள். நீச்சல் குளத்தை மூடச் சொல்லும் விதியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2007 முடிந்து 2008 பிறந்த இரவில், சென்னை ஹோட்டல் ஒன்றில் குளத்தின் மேல் அமைத்த மேடை சரிந்து உயிர்கள் போயின. எங்கள் கிளப்பில் மாலையிலேயே குளத்தைப் பூட்டி, சாவி செக்ரட்டரியிடம் போய்விடும். அதோடு ஒரு காவலாளி அங்கேயே நிற்பார். அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்க மாட்டோம்.

பாட்டு போடுவதற்கு ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற இசைப் பதிப்புரிமை அமைப்புகளிடம் உரிமம் வாங்க வேண்டும். கல்யாண விழாக்களுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு புத்தாண்டு விருந்துக்குப் பொருந்தாது.

மூன்றாம் படி: ஃபங்ஷன் ஷீட்

எல்லாத் தகவலும் ஒரே தாளில் இருக்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை சைவம், எந்த நேரத்தில் எது தொடங்கும், எந்த மேசை எங்கே, எந்தக் கவுண்டருக்கு யார் பொறுப்பு. சமையலறை, பார், ஸ்டோர், ஹவுஸ்கீப்பிங், எலெக்ட்ரீஷியன், தோட்டம், செக்யூரிட்டி, அக்கவுண்ட்ஸ் என்று எல்லோருக்கும் ஒரே தாள். திருத்தம் வந்தால் புதிய தாளை வேறு நிறத்தில் அச்சடித்து, பழையதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் ஈரக் கையோடு நிற்பவர் போனைப் பார்க்க மாட்டார். சுவரில் ஒட்டிய தாளைத்தான் பார்ப்பார்.

அந்தத் தாளின் கடைசியில் 'கைமாறும் இடங்கள்' என்று ஒரு பகுதியைச் சேருங்கள். கேட்டிலிருந்து சமையலறைக்குத் தலை எண்ணிக்கை சொல்பவர், சமையலறையிலிருந்து கவுண்டருக்கு உணவு கொண்டுவருபவர், கவுண்டரிலிருந்து கழுவும் இடத்துக்கு எச்சில் தட்டு போகும் வழி, ஸ்டோரிலிருந்து பாருக்கு ஐஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு பெயர், அவர் இல்லாவிட்டால் இன்னொரு பெயர்.

நான்காம் படி: சாப்பாடு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். உறுப்பினர்கள் வருடம் முழுக்க நினைவில் வைத்திருப்பது சாப்பாட்டைத்தான்.

ஆயிரம் பேர் என்றால் ஆயிரம் பேரும் ஒன்றாகச் சாப்பிட வருவதில்லை. எட்டரைக்குக் குழந்தைகளும் பெரியவர்களும் வருவார்கள். ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை பெருங்கூட்டம். நாங்கள் நூறு பேருக்கு ஒரு பரிமாறும் வரிசை என்று கணக்கு வைப்போம். இரண்டு பக்கமும் எடுக்கக்கூடிய மேசை என்றால் ஐந்து மேசை போதும். பல வகை பதார்த்தங்கள் இருக்கும் பஃபேயில் ஒரு கிலோ அரிசி பிரியாணி எட்டிலிருந்து பத்துப் பேருக்கு வரும். தட்டு ஆளுக்கு ஒன்றரை, கண்ணாடி டம்ளர் ஆளுக்கு மூன்று, ஐஸ் ஆளுக்கு ஒரு கிலோ. இது எங்கள் கைக்கணக்கு. உங்கள் கிளப்பில் ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கிய பொருட்களைக் குறித்த போன வருட இன்டென்ட் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், அது இதைவிடச் சரியாக இருக்கும்.

சைவ வரிசையை முழுக்கத் தனியாக வையுங்கள். தனி மேசை, தனி கரண்டி, சமையலறையிலிருந்து உணவு கொண்டுவரத் தனி ரன்னர். சிக்கன் தட்டைத் தொட்ட அதே கையுறையோடு பனீரைக் கொண்டுவந்தால், அதைப் பார்த்த உறுப்பினர் அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டார். அவர் கோபம் நியாயமானது.

சூடாகத் தர வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ச்சியாகத் தர வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ். உணவுப் பாதுகாப்பு விதிகளில் உள்ள அளவு இது. அரை மணிக்கொரு முறை ஒருவர் தெர்மாமீட்டருடன் எல்லாக் கவுண்டரையும் சுற்றிவந்து தாளில் குறிக்கட்டும். திறந்த வெளியில் காற்றில், உணவைச் சூடாக வைக்கும் சேஃபிங் டிஷ்ஷின் அடியில் எரியும் விளக்கு அணைந்துவிடும், மேலே மூடி இருப்பதால் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது இந்தச் சுற்றுதான். மயோனைஸ் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. தடை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதைவிட, அதை மெனுவிலிருந்தே எடுத்துவிடுவது நிம்மதி.

இனி ரன்னர்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இதுதான், இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு மேசைக்கு ஒரு ரன்னர் வையுங்கள். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு மீதம் இருக்கும்போதே அவர் சமையலறைக்குக் கிளம்ப வேண்டும். காலியான பிறகு கிளம்பினால் அங்கே போய்த் திரும்ப ஏழெட்டு நிமிடம் ஆகும், அதற்குள் வரிசை நீண்டுவிடும். சமையலறை வாசலில் ஒரு மேசை போட்டு, அதுதான் எல்லை என்று முடிவு செய்யுங்கள். மாஸ்டரின் ஆட்கள் அந்த மேசை வரை, ரன்னர் அந்த மேசையிலிருந்து. வெளியாள் சமையலறைக்குள் போக வேண்டாம், கொதிக்கும் எண்ணெயும் அவசரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. போகும் வழியும் வரும் வழியும் வேறு வேறாக இருக்கட்டும்.

கேட்டில் நிற்பவர் அரை மணிக்கொரு முறை எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று மாஸ்டருக்கு வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். இந்த ஓர் எண்ணை வைத்துத்தான் அடுத்த அண்டாவை எப்போது தம் போடுவது என்று அவர் முடிவெடுப்பார்.

ஐந்தாம் படி: பந்தல், மின்சாரம், மழை

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசி வரை இழுக்கும் ஆண்டுகள் உண்டு. ஈரமண்ணில் நாற்காலி புதையும், பந்தல் முளை பிடிக்காது. பஃபே மேசைகளுக்கும் கேஸ் அடுப்புகளுக்கும் கீழே பிளைவுட் பலகை போடுங்கள். மழை வந்தால் எது ஹாலுக்குள் போகும், யார் தூக்குவார்கள் என்பதை 29ஆம் தேதியே முடிவு செய்து, ஒரு முறை தூக்கியும் பாருங்கள். மழை இல்லாவிட்டாலும் பனி விழும். கேபிள் இணைப்புகள் தரையில் கிடக்கக் கூடாது, தரையிலிருந்து உயர்த்திக் கட்டி மூட வேண்டும். சமையலறை, டிஜே, அலங்கார விளக்கு மூன்றும் தனித்தனி இணைப்பில் இருக்கட்டும். ஜெனரேட்டரை முந்தின நாள் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, டீசலை நிரப்பி வையுங்கள். 19 கிலோ கேஸ் சிலிண்டர்களில் மாற்று சிலிண்டர்கள் கூட்டம் நடமாடாத இடத்தில் நிமிர்த்தி வைக்கப்பட வேண்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில்.

ஆறாம் படி: பார்

தமிழ்நாட்டில் கிளப்புகளுக்குத் தரப்படுவது எஃப்.எல்.2 உரிமம். உறுப்பினருக்குப் பரிமாறுவதற்கான உரிமம் அது, நேர வரம்பும் உண்டு. 21 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுக்கக் கூடாது. உறுப்பினரின் மகன் என்றாலும் இதே விதிதான். கேட்டிலேயே மூன்று நிறத்தில் கைப்பட்டை கட்டிவிட்டால் பார்மேன் யாரிடமும் வயது கேட்டுச் சங்கடப்பட வேண்டாம்: உறுப்பினர் ஒரு நிறம், விருந்தினர் ஒரு நிறம், 21க்குக் கீழே ஒரு நிறம்.

சரக்கு டாஸ்மாக் வழியாகத்தான் வர வேண்டும். ஆண்டு முடிவில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், ஆகவே முன்பே எடுத்துவிடுங்கள். 750 மில்லி பாட்டில் ஒன்றில் 30 மில்லி ஸ்மால் 25 வரும். திறந்த பாட்டில், மூடிய பாட்டில், உறுப்பினர் கையெழுத்திட்ட சிட் (பில் சீட்டு) மூன்றும் இரவு முடியும்போது ஒத்துப்போக வேண்டும். ஒரு பெரிய பாருக்குப் பதில் புல்வெளியில் நான்கு மூலையில் நான்கு சிறிய பார் போடுவது எங்கள் அனுபவத்தில் மிகவும் உதவியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பார்மேன், ஓர் உதவியாளர், சிட் எழுத ஒருவர். பார்மேன் ஒருபோதும் சிட் எழுதக் கூடாது. கணக்கும் ஊற்றுவதும் ஒரே கையில் இருந்தால் வரிசையும் தேங்கும், கடைசியில் குறைந்த பாட்டிலுக்கு அந்தப் பையன் பதில் சொல்லும்படி ஆகும்.

ஏழாம் படி: கேட்

வருபவர் முதலில் பார்க்கும் முகம் செக்யூரிட்டியும், சாவி வாங்கிக் கார் நிறுத்தித் தரும் வேலே பையன்களும்தான். விருந்தினர் பட்டியல் உறுப்பினர் எண் வரிசையில் அச்சடித்து இருக்கட்டும். கேட்டில் அலுவலக ஊழியர் ஒருவர் செக்யூரிட்டியோடு நிற்க வேண்டும். ஏதாவது வாக்குவாதம் வந்தால் அவர் உறுப்பினரை ஓரமாக அழைத்து உட்கார வைத்துப் பேசுவார், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

உடை விதி பற்றி கேட்டில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள். 2014இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டி வந்ததற்காக ஒரு கிளப்பில் அனுமதி மறுக்கப்பட்டார். அதே ஆண்டு சட்டமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் நிறுத்த முடியாது. மீறினால் கிளப்பின் உரிமமே போகலாம். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நம் ஊரில் நம் உடையோடு ஒருவர் வாசலில் நிறுத்தப்படுவது வலிக்கிற விஷயம்.

திரும்பிப் போகும்போது சாவி கொடுக்கும் வேலையும் கேட்டுக்குத்தான். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். தள்ளாடும் ஒருவரிடம் சாவியை நீட்டும் முடிவைப் பதினெட்டு, பத்தொன்பது வயது வேலே பையன் தலையில் கட்டாதீர்கள். விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் பதினொன்றரை மணியிலிருந்து கடைசிக் கார் போகும் வரை கேட்டில் நிற்கட்டும். உறுப்பினருக்குச் சமமாக நின்று, "அண்ணா, நம்ம டிரைவர் ஒருத்தர் ரெடியா இருக்கார், அவர் கொண்டுவந்து விடுவார்" என்று சொல்ல அவரால்தான் முடியும். பத்து வாடகை ஓட்டுநர்களை முன்பே பேசி வைத்திருங்கள்.

எட்டாம் படி: அன்றைய நாள்

காலையில் பொருட்கள் இறங்கும். வாடகைக்கு வந்த தட்டு, கரண்டி, நாற்காலி எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். எண்ணாமல் கையெழுத்துப் போட்டால் இரவில் இல்லாத பொருளுக்குக் காசு கட்ட வேண்டிவரும்.

மாலை ஐந்து மணிக்கு எல்லா ஊழியருக்கும் சாப்பாடு. இதை நான் எந்த வருடமும் விட்டுக்கொடுத்ததில்லை. சாதம், சாம்பார், ஒரு பொரியல், முட்டை அல்லது சிக்கன், மோர். பந்தல்காரர், டிஜே உதவியாளர், வெளியிலிருந்து ஒரு நாள் கூலிக்கு வந்த பேரர்கள் உட்பட எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அப்புறம் அடுத்த ஒன்பது மணி நேரம் அவர்களுக்கு உட்கார நேரம் கிடைக்காது. பசியோடு பிறருக்கு உணவு ஏந்தி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அதைச் செய்தவருக்குத் தெரியும். மாஸ்டரும் செக்ரட்டரியும் அதே பந்தியில் உட்கார்ந்தால் ரொம்ப நல்லது.

ஆறு மணிக்குப் பிரீஃபிங், பதினைந்து நிமிடம் போதும். இன்று எத்தனை பேர், சைவ மேசை எது, கழிவறை எந்தப் பக்கம், முதலுதவிப் பெட்டி எங்கே, குழந்தை தொலைந்தால் எங்கே கொண்டுவருவது, தீ என்றால் எந்த வாசல். சொல்லி முடித்ததும் அதோடு விட்டுவிடாமல், புதியவர்களையே திருப்பிச் சொல்ல வையுங்கள். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு பேரரையும் கிளப்பின் பழைய பேரர் ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுங்கள். பழையவருக்கு உறுப்பினர்களின் முகம் தெரியும், யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சக்கர நாற்காலி என்று தெரியும்.

பன்னிரண்டு மணி

பதினொன்று ஐம்பதுக்கு எல்லோரும் மேடையை நோக்கி நகர்வார்கள். சாப்பாட்டு மேசைகள் அந்த நேரம் காலியாகும். புதியவர்கள் அதை ஓய்வு என்று நினைப்பார்கள். இல்லை, இதுதான் தட்டுகளை எடுத்து, மேசை துடைத்து, குடிநீர் நிரப்பி, கழிவறையைச் சுத்தம் செய்ய வேண்டிய இருபது நிமிடம். ஹவுஸ்கீப்பிங் அம்மாக்கள் இந்த நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். கேக் வெட்டி, கைகுலுக்கி முடித்ததும் பன்னிரண்டே காலுக்கு இரண்டாவது பசி வரும். அப்போது யாரும் பிரியாணி தேட மாட்டார்கள். சூடான இட்லி, மிளகு ரசம், தயிர் சாதம், ஊறுகாய். எங்கள் தயிர் சாத அண்டா எந்த வருடமும் மீந்ததில்லை.

கடைசி கார் போன பிறகு

மீந்த உணவில் கவுண்டருக்கு வராத, சமையலறையிலேயே சூடாக இருந்ததை மட்டும் வெளியே கொடுக்கலாம். கோவையில் 2014இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் போன்ற அமைப்புகள் இதற்கு உதவும், ஆனால் இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் ஆள் கிடைப்பது கடினம், முன்பே பேசி வையுங்கள். மதுக் கணக்கு அன்றிரவே முடிய வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தனித் தொட்டியில் போடுங்கள், காலையில் புல்வெளியில் குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.

ஊழியர்கள் வீடு திரும்ப வேன் ஏற்பாடு செய்யுங்கள். பெண் ஊழியர்கள் முதல் வண்டியில், வீட்டு வாசல் வரை. வெளியாட்களுக்குக் கூலியை அன்றிரவே கையில் கொடுத்துவிடுங்கள்.

ஜனவரி 3 அல்லது 4இல், நினைவு மங்குவதற்குள், எல்லாப் பிரிவுகளிலிருந்தும் ஒருவர் வீதம் அழைத்து உட்காருங்கள். பேச்சைக் கமிட்டியிலிருந்து தொடங்காமல் பாத்திரம் கழுவுபவர்களிடமிருந்து தொடங்குங்கள். என்ன மீந்தது, எந்த நேரம் தட்டு குவிந்தது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். ஒரு வருடம் அவர்களில் ஒரு அம்மா, "ஊற வைக்க இன்னொரு தொட்டி இருந்தா பத்து மணிக்கே தட்டு திரும்பிடும் சார்" என்றார். தொட்டி வாங்கினோம். அடுத்த டிசம்பரில் இருநூறு தட்டு குறைவாக வாடகைக்கு எடுத்தோம்.